சர்வரை அணைத்துவிட்டால் பிரச்சினை தீருமா?

கொங்குப் பகுதியிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ம. என்று வைத்துக்கொள்வோம். அவர் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறார். 2022 இறுதியில் ட்விட்டர் கைமாறியபோது, நண்பர்கள் இருவரோடு சேர்ந்து தமிழில் எழுதுகிறவர்களுக்காக ஒரு மாஸ்டோடான் சர்வர் தொடங்கினார். மாஸ்டோடான் என்பது ட்விட்டர் போன்றது, ஆனால் ஒரே நிறுவனத்தின் கையில் இல்லாமல், தனித்தனி ஆட்கள் நடத்தும் பல சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வலையமைப்பு. கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள், புகைப்படக்காரர்கள், கல்லூரி மாணவர்கள் என்று இன்று சுமார் நானூறு கணக்குகள் இருக்கின்றன. நண்பர்கள் இருவரும் வேலை, குடும்பம் என்று ஒதுங்கிவிட்டார்கள். வாடகை ம.வின் கையிலிருந்து போகிறது. பாஸ்வேர்டும் அவர் ஒருவரிடம்தான்.

சென்ற மாதம் அந்த சர்வரில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவி அவருக்குப் புகார் அனுப்பியிருக்கிறார். மூத்த உறுப்பினர் ஒருவர் தனிச்செய்தியில் விடாமல் தொந்தரவு செய்கிறார் என்பது புகார். அந்த மூத்தவர் எல்லோருக்கும் லினக்ஸ் சந்தேகம் தீர்த்து வைப்பவர், ம.வுக்கு நெருங்கிய நண்பர். “நான் பேசிப் பார்க்கிறேன்” என்று சொன்ன ம., பேசவில்லை. பத்து நாள் கழித்து, வெளிநாட்டு சர்வர் ஒன்றில் புதிதாக முளைத்த பெயரில்லாத கணக்கிலிருந்து, அந்தப் பெண்ணின் முகத்தை ஒட்டிய ஆபாசப் படம் வந்துவிட்டது. எல்லோரும் சந்தேகப்படுவது அந்த மூத்தவரை. ஆதாரம் எதுவும் இல்லை.

“ஓப்பன் சோர்ஸ்தானே, உன்னை யாரும் கேட்க முடியாது” என்கிறார் ஒரு நண்பர். “எல்லாவற்றுக்கும் நீதான் பொறுப்பு, உள்ளே போய்விடுவாய்” என்கிறார் இன்னொருவர். இதற்கு நடுவில் ஸ்பேம் கணக்குகள் புகுந்ததால், பெரிய சர்வர் ஒன்று இவர்களுடையதை லிமிட் செய்து, அதாவது இங்கிருந்து போகும் பதிவுகள் அங்கே பொதுவில் தெரியாதபடி, வைத்திருக்கிறது. கடிதத்தின் கடைசி வரி: “மேடம், டேட்டாபேஸைத் திறந்து அவர்களுடைய தனிச்செய்திகளைப் படித்துப் பார்க்கலாமா? இல்லை, இன்று இரவே சர்வரை அணைத்துவிடலாமா?”

அன்புள்ள ம.,

அணைக்காதீர்கள். இன்று இரவு நிச்சயமாக வேண்டாம். அந்தப் படம் எந்தக் கணக்கிலிருந்து வந்தது, எப்போது வந்தது, தொந்தரவு செய்த தனிச்செய்திகளில் என்ன இருந்தது என்பதெல்லாம் இந்த நிமிடம் உங்கள் சர்வரில் இருக்கிறது. புகார் வந்தது தெரிந்த பிறகு அதை அழித்தால், பயத்தில் செய்தேன் என்று நீங்கள் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள். ஆதாரமாகக் கூடிய மின்னணுப் பதிவை வழக்குக்குக் கிடைக்காமல் செய்வது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் தனிக் குற்றம். அதைவிட முக்கியம், அந்தப் பெண்ணுக்கு நியாயம் கிடைக்கும் வழியை நீங்களே அடைத்தவராகிவிடுவீர்கள்.

முதலில் அவர் வயது என்ன?

உங்கள் கடிதத்தில் “கல்லூரி மாணவி” என்று மட்டும் இருக்கிறது. முதலாண்டு மாணவி என்றால் 17 வயதாகவும் இருக்கலாம். பள்ளியை முடித்துவிட்டாலே 18 ஆகிவிட்டதாக நாம் எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். இதைத் தெரிந்துகொள்வதுதான் உங்கள் முதல் வேலை, ஏனென்றால் இதிலிருந்து பாதை இரண்டாகப் பிரிகிறது.

18 நிறையவில்லை என்றால் இது போக்சோ சட்டத்துக்குள், அதாவது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டத்துக்குள், வருகிறது. அந்தச் சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தகவல் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் இருந்தால் 21ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. “அந்தப் பொண்ணே வேண்டாம்னு சொல்லிட்டா” என்பதை இங்கே காரணமாகச் சொல்ல முடியாது. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுப்பவருக்குச் சட்டமே பாதுகாப்பும் தருகிறது. படம் ஒட்டுவேலைதானே என்றும் விட்டுவிட முடியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, குழந்தையைச் சித்தரிப்பதுபோல மாற்றி அமைத்த படமும் இதில் அடங்கும்.

அப்படியானால் அந்தப் படத்தை உங்கள் போனில் இறக்கி வைக்காதீர்கள். “இதுதானா பாரு” என்று நண்பர்களின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பாதீர்கள். நல்ல மனதோடு செய்கிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். பதிவின் முகவரி, கணக்கின் பெயர், வந்த தேதி, நேரம் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு, படத்தைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டுப் புகார் கொடுங்கள். சர்வரில் இருப்பதை என்ன செய்வது என்பதைக் காவல்துறை சொல்லட்டும். அம்பத்தூர் காவல் நிலையத்தில் தொடங்கிய ஒரு வழக்கில், 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சிறாரின் ஆபாசப் படங்களை அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பதைக்கூட எவ்வளவு கடுமையாகப் பார்க்க வேண்டும் என்று அதில் விளக்கியது. போக்சோ கடமையைச் செய்யாத இணையத் தளம் சட்டப் பாதுகாப்பைக் கோர முடியாது என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. அது உங்களுக்கும்தான்.

18 நிறைந்தவர் என்றால், காவல்துறைக்குப் போவதா வேண்டாமா என்பது அவருடைய முடிவு. நீங்கள் அவருக்காக முடிவெடுக்க வேண்டாம், அவசரப்படுத்தவும் வேண்டாம். ஆனால் படத்தை நீக்குவது உங்கள் கடமை, அதற்கு அவர் காவல் நிலையம் போயிருக்க வேண்டிய அவசியம் இல்லை.

“அது வேறு சர்வரில் போட்ட படம்”

கடிதத்தில் இரண்டு இடத்தில் இப்படி எழுதியிருக்கிறீர்கள். கணினி தெரிந்தவர் நீங்கள், கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வெளி சர்வரில் ஒருவர் போட்ட பதிவு உங்கள் உறுப்பினர் ஒருவருக்கு வந்து சேரும்போது, மாஸ்டோடான் அந்தப் படத்தின் ஒரு பிரதியை உங்கள் சேமிப்பகத்தில் இறக்கி வைக்கிறது. உங்கள் உறுப்பினர்கள் பார்த்தது உங்கள் சர்வரில் இருந்த பிரதியைத்தான். அந்தப் பிரதிக்குப் பொறுப்பாளர் நீங்கள்.

அதனால் செய்ய வேண்டியவை இரண்டு. அந்த வெளிக் கணக்கை உங்கள் பக்கத்தில் சஸ்பெண்ட் செய்யுங்கள். புகாரை அந்த சர்வரின் அட்மினுக்கும் அனுப்புங்கள், ரிப்போர்ட்டிலேயே அதற்கு வசதி இருக்கிறது. அவர்கள் அசைந்து கொடுக்கவில்லை என்றால் அந்த சர்வரிலிருந்து படங்களே வராதபடி தடுக்கலாம், முழு சர்வரையும் துண்டிக்கலாம். ஊர் ஊராகப் பரவிய பிரதிகளையெல்லாம் உங்களால் திரும்பப் பெற முடியாது. மையம் என்று ஒன்று இல்லாத வலையமைப்பின் உண்மையான குறை இது. அந்தப் பெண்ணிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மாஸ்டோடானில் உங்கள் சர்வர்க் கணக்கு ஒன்றை சஸ்பெண்ட் செய்தால், 30 நாளில் அதன் தரவு நிரந்தரமாக அழிந்துவிடும். 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளோ, நீக்கிய உள்ளடக்கத்தையும் அதோடு தொடர்புள்ள பதிவுகளையும் விசாரணைக்காக 180 நாள் பாதுகாக்கச் சொல்கின்றன. மென்பொருளின் கணக்கும் சட்டத்தின் கணக்கும் இங்கே ஒத்துப்போகவில்லை. ஆகவே எந்தக் கணக்கிலும் கைவைப்பதற்கு முன் பதிவு, புகார், உள்நுழைந்த விவரம் எல்லாவற்றையும் பூட்டிய பேக்கப்பாகத் தனியே எடுத்து வையுங்கள். பாதிக்கப்பட்டவர் சிறார் என்றால் மட்டும், மேலே சொன்னபடி படத்தைப் பிரதி எடுக்காமல் காவல்துறையைக் கேட்டுச் செய்யுங்கள். நாளைக்கு நீதிமன்றத்தில் இந்த மின்னணுப் பதிவுக்குச் சான்று கொடுக்கும்படி உங்களையே கேட்கலாம். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆவது பிரிவு அதைப் பற்றியது.

உங்கள் பொறுப்பு எவ்வளவு?

உங்கள் இரண்டு நண்பர்களும் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். மாஸ்டோடான் கட்டற்ற உரிமத்தில் வருகிறது என்பது, அதை எழுதியவர்கள் உங்களுக்கு உத்தரவாதம் தரவில்லை என்பதைத்தான் காட்டும். அதை நிறுவி நடத்துகிறவரின் பொறுப்பைப் பற்றி அந்த உரிமம் ஒன்றும் பேசுவதில்லை. நம் தகவல் தொழில்நுட்பச் சட்டம், மற்றவர்களுக்காகத் தகவலைப் பெற்று, சேமித்து, அனுப்புகிற எவரையும் இடைநிலையாளர் என்கிறது. அதற்கு நிறுவனம் வேண்டாம், லாபம் வேண்டாம். வீட்டிலிருந்து நடத்தும் ஒரு ஆளே போதும்.

எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் பொறுப்பு என்பதும் தவறு. அந்தச் சட்டத்தின் 79ஆவது பிரிவு, உறுப்பினர் எழுதியதற்காக நடத்துகிறவரைப் பொறுப்பாக்காமல் காக்கிறது. 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில், இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்யப் பயன்பட்ட 66ஏ பிரிவை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், 79ஆவது பிரிவுக்கும் விளக்கம் கொடுத்தது. நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிக்கையோ வந்தால்தான், அது சட்டவிரோதமானது என்று நடத்துகிறவருக்குத் தெரிந்ததாகக் கொள்ள வேண்டும் என்றது. நானூறு பேர் எழுதுவதையும் நீங்கள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்தரங்கப் படம், ஒட்டுவேலை செய்த படம் என்று பாதிக்கப்பட்டவரே புகார் கொடுத்தால் நிலைமை வேறு. அதற்கு ஆணை வரும்வரை காத்திருக்கும் உரிமை கிடையாது. 2021இல் விதிகள் வந்தபோது அதற்கு 24 மணி நேரம் கொடுத்தார்கள். பிறகு விதிகள் பல முறை திருத்தப்பட்டுவிட்டன, காலக்கெடு குறுகிக்கொண்டுதான் வருகிறது. நடப்பில் உள்ள விதிகளைப் படித்துக்கொள்ளுங்கள், ஆனால் இந்த மாதிரிப் படத்துக்கு மணிக்கணக்கு பார்க்காதீர்கள். பார்த்ததும் எடுங்கள்.

நான் எதையாவது நீக்கத் தொடங்கினால் நடுநிலை போய், பாதுகாப்பும் போய்விடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். போகாது. விதிமீறலைத் தானாக முன்வந்து நீக்குவது 79ஆவது பிரிவை மீறியதாகாது என்று அந்த விதிகளிலேயே எழுதியிருக்கிறது. கருத்துரிமை பற்றிய தயக்கமும் வேண்டாம். கருத்துரிமை தரும் அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு முதன்மையாக அரசை நோக்கிப் பேசுவது. ஒரு பெண்ணைத் தொந்தரவு செய்யும் உரிமையை அது யாருக்கும் கொடுக்கவில்லை.

50 லட்சம் பதிவுப் பயனர்களுக்கு மேல் உள்ள தளங்களுக்கான பெரிய கடமைகள் உங்களுக்கு இல்லை. ஆனால் குறைதீர் அதிகாரி ஒருவரின் பெயரும் தொடர்பு விவரமும் முகப்பில் இருக்க வேண்டும், வந்த புகாருக்கு 24 மணி நேரத்துக்குள் ‘கிடைத்தது’ என்று பதில் போக வேண்டும். “பேசிப் பார்க்கிறேன்” என்று நீங்கள் சொன்னதோடு அந்தப் பத்து நாள் போய்விட்டது.

உங்கள் நண்பர்

அந்த மாணவி உங்களிடம் வந்தபோது, தொந்தரவு செய்கிறவரின் நண்பரிடமே புகார் கொடுக்க வேண்டிய நிலையில் இருந்தார். வேறு ஆளே இல்லை. இதை நினைத்துப் பாருங்கள். உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை, ஆனால் “தாமதித்தது என் தவறு” என்று அவரிடம் நேராகச் சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம், அந்த ஒரு வரி போதும்.

நண்பரின் கணக்கை இப்போதைக்கு ஃப்ரீஸ் செய்யுங்கள். தரவு அப்படியே இருக்கும், அவரால் பயன்படுத்த மட்டும் முடியாது. தொந்தரவுப் புகார் வேறு, படத்தைப் பற்றிய சந்தேகம் வேறு. முதலாவதை விசாரித்து நீங்களே முடிவெடுக்கலாம். இரண்டாவதை யார் செய்தார் என்று கண்டுபிடிப்பது காவல்துறையின் வேலை. “இன்னார்தான் செய்தார்” என்று பொதுவில் எழுதினால், அவதூறு வழக்கு உங்கள் மேலும் அந்தப் பெண்ணின் மேலும் திரும்பும். நண்பரின் பக்கத்தையும் எழுத்தில் கேளுங்கள். ஆனால் தீர்ப்பை நீங்கள் எழுத வேண்டாம். நட்பு இருக்கும் இடத்தில் நீங்கள் எப்படி முடிவெடுத்தாலும் ஒரு தரப்பு நம்பாது. அவரை அறியாத வேறு இருவர் முடிவெடுக்கட்டும்.

தனிச்செய்திகளைப் படிக்கலாமா என்றால், டேட்டாபேஸைத் துழாவாதீர்கள். மாஸ்டோடானில் தனிச்செய்திக்கு முழுக் குறியாக்கம் (அனுப்பியவரும் பெறுபவரும் மட்டும் படிக்கும்படி பூட்டும் முறை) கிடையாது, அட்மினால் படிக்க முடியும். படிக்க முடியும் என்பதாலேயே படிக்கக் கூடாது. தேவையும் இல்லை: அந்த மாணவி அந்தச் செய்திகளைத் தேர்ந்தெடுத்து ரிப்போர்ட் செய்தால், அவை மட்டும் உங்கள் பார்வைக்கு வரும். அவர் விரும்பிக் காட்டுவது, அவருக்கே வந்த செய்தி, அதில் சிக்கல் இல்லை. பேக்கப்பையும் பூட்டி வையுங்கள். 2023 மே மாதம் அமெரிக்காவில் கோலெக்டிவா என்ற மாஸ்டோடான் சர்வரின் அட்மின் ஒருவர் வீட்டில் வேறொரு விஷயமாக எஃப்பிஐ சோதனை போட்டது. குறியாக்கம் செய்யாமல் அங்கே இருந்த டேட்டாபேஸ் பிரதியும் போய்விட்டது. சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கானோரின் தனிச்செய்திகள் அதில் இருந்தன.

ஒற்றை ஆளாக வேண்டாம்

ஸ்பேம் விஷயம் எளிது. யாரும் புதுக் கணக்கு தொடங்கும்படி பதிவைத் திறந்து போட்டுவிட்டுக் கவனிக்காமல் இருந்த சர்வர்கள் வழியாகத்தான் 2024 பிப்ரவரியில் ஃபெடிவர்ஸ் (ஒன்றோடொன்று இணைந்த இந்த சர்வர்களின் கூட்டம்) முழுக்க ஸ்பேம் வெள்ளம் பாய்ந்தது. அதற்குப் பிறகு, ஒரு வாரம் மாடரேட்டர் (புகார்களைப் பார்த்து நடவடிக்கை எடுப்பவர்) யாரும் எட்டிப் பார்க்காவிட்டால் புதுக் கணக்குப் பதிவு தானாக ஒப்புதல் முறைக்கு மாறும்படி மென்பொருளிலேயே ஏற்பாடு செய்தார்கள். உங்களுடையதை அப்டேட் செய்யுங்கள், பதிவை ஒப்புதலுக்கு மாற்றுங்கள், ஸ்பேம் கணக்குகளைக் களைந்துவிட்டு அந்தப் பெரிய சர்வரின் அட்மினுக்கு மரியாதையாக ஒரு கடிதம் போடுங்கள். அவர்களும் உங்களைப்போலத் தூக்கம் கெட்டு நடத்துகிறவர்கள்தான், அந்த லிமிட்டைப் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள்.

கடினமானது ஆள் சேர்ப்பது. குறைந்தது இருவர் வேண்டும், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். மாஸ்டோடானின் அதிகாரபூர்வப் பட்டியலில் சேர விரும்பும் சர்வர்களுக்கு 2019 முதல் சில நிபந்தனைகள் இருக்கின்றன: வெறுப்புப் பேச்சை நீக்க வேண்டும், தினமும் பேக்கப் எடுக்க வேண்டும், அவசரத்தில் சர்வரைத் திறக்க இன்னொருவரிடமும் வழி இருக்க வேண்டும், மூடுவதென்றால் மூன்று மாதம் முன்பே சொல்ல வேண்டும். நீங்கள் பட்டியலில் இல்லாவிட்டாலும் இந்த நான்கையும் பின்பற்றுங்கள்.

விதிகளைத் தமிழில் எழுதுங்கள். ஆங்கில சர்வரிலிருந்து எடுத்து ஒட்டாதீர்கள், அதில் சாதி வசைக்கு இடமே இருக்காது. 2019 நவம்பரில் இந்தியாவிலிருந்து ஏராளமானோர் மாஸ்டோடானுக்கு வந்ததே, சாதி வசையை ட்விட்டர் கண்டுகொள்ளவில்லை, வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை முடக்கிவிட்டது என்ற கோபத்தில்தான். அவர்கள் தேடி வந்த இடத்திலும் அதே அலட்சியம் இருக்கக் கூடாது.

சிங்கப்பூர், மலேசிய உறுப்பினர்கள் பணம் அனுப்புகிறோம் என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஏழு பேர் சேர்ந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் சங்கம் பதியலாம். ஆனால் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவரிடமிருந்து அந்தச் சங்கம் பணம் வாங்க வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். இப்போதைக்கு உள்ளூர் உறுப்பினர்களிடம் மட்டும் வாடகையைப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு முடியவில்லை என்றால் மூடலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. 2023 பிப்ரவரியில் மாஸ்டோடான்.லால் என்ற சர்வரை நடத்தியவர் வசைகளைத் தாங்க முடியாமல் மூடுவதாக அறிவித்தார், ஆனால் மே மாதம் வரை அவகாசம் கொடுத்தார். உறுப்பினர்கள் தங்களைப் பின்தொடர்பவர்களோடு வேறு சர்வருக்கு மாற, பழைய சர்வர் உயிரோடு இருக்க வேண்டும். பதிவுகள் கூடவே போகாது, அதனால் அவற்றை இறக்கி வைத்துக்கொள்ளவும் நேரம் கொடுங்கள். இந்தப் புகாருக்கான 180 நாள் பேக்கப் மட்டும் சர்வர் மூடிய பிறகும் உங்களிடம் இருக்கட்டும்.

இன்று இரவு இதைச் செய்யுங்கள்: வயதைக் கேளுங்கள், அதற்கேற்ப ஆதாரத்தைப் பாதுகாத்துப் படத்தை எடுங்கள், நண்பரின் கணக்கை ஃப்ரீஸ் செய்யுங்கள், பதிவை ஒப்புதல் முறைக்கு மாற்றுங்கள். அவர் சிறார் என்றால் கொடுக்க வேண்டிய காவல்துறைப் புகாரைத் தவிர, மற்றவை வார இறுதிக்குக் காத்திருக்கும். அந்த மாணவிக்கு மூன்று விவரங்களை அனுப்புங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில், பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். பெண்கள் உதவி எண் 181. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச வழக்கறிஞர் உண்டு, அதற்கு 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். தனியாகப் போகத் தயங்கினால், நீங்கள் சேர்க்கப்போகும் அந்தப் பெண் மாடரேட்டர் உடன் போகலாமா என்று அவரிடமே கேளுங்கள்.